திகதி போடாத இரவல்

கொழும்பிலிருந்து புறப்பட்ட பஸ் காலை எட்டு மணிக்கு ஓட்டமாவடியில் நின்றுபோனது. சாரதி இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, "பத்து நிமிஷம்" என்றார். எந்த நாட்டில் எந்தச் சாரதி பத்து நிமிஷம் என்றாலும் நம்பக்கூடாது. லண்டனில் பஸ் பழுதானால் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு நம்மை மழையில் இறக்கிவிடுவார்கள். இங்கே ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்கைத் துடைத்துவிட்டு, "இரிங்க, சுடச்சுட ரொட்டி இரிக்கு" என்றார்.

எனக்கு அவசரம். முப்பது வருஷத்துக்கு மேலாக ஊர்ப் பக்கம் வராதவள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வராதவள், ஒரேயொரு வரியை அழிப்பதற்காக ஓடிவந்திருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அது அழிய வேண்டும். அன்று செவ்வாய்.

விஷயம் இதுதான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மருதஞ்சேனை எங்கள் ஊர். அங்கே நூலகத்தைப் பார்த்தவர் என் அண்ணன். இப்போது எண்பத்திரண்டு வயது. என்னோடு லண்டனில் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார். விமானம் ஏற முடியாது. ஊரில் நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி, அந்தப் பகுதி நூலகங்களின் வரலாற்றை ஒரு மலராகப் போடுகிறார்களாம். அண்ணனின் படம் கேட்டு, மலரின் படிகளையும் கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். அண்ணன் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "இவரது காலத்தில் நூலகத்தின் நூல்கள் யாவும் காணாமற்போயின."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் சனத்துக்குக் குடுத்தனான்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் கஞ்சிதான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழமையே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

இதையெல்லாம் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் வேலை செய்தவள் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. பக்கத்து வாங்கில் பேப்பரோடு இருந்த தொப்பி போட்ட பெரியவர் நிமிர்ந்தார்.

"எந்த லைப்ரரி தங்கச்சி?"

சொன்னேன்.

"பச்சைப் பெட்டிக்காரர்ர தங்கச்சியா நீங்க?" என்றார். பேப்பரை மடித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கத்து நூலகமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற காக்கா அவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பச்சைப் பெட்டி! அதை நான் மறந்தே போயிருந்தேன். அப்போது நூலகங்களிடம் புத்தகம் வாங்கக் காசில்லை. அதனால் மாதம் ஒருமுறை பெட்டி மாற்றுவார்கள். எங்கள் ஊர்ப் புத்தகங்கள் பச்சைத் தகரப் பெட்டியில் காக்காமாரின் ஊருக்குப் போகும். அங்கிருந்து வேறொரு பெட்டி எங்களுக்கு வரும். வாவியைக் கடக்கும்போது அண்ணன் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். யாராவது இடம் கேட்டாலும் எழும்பமாட்டார்.

"முதல்ல வாசிகசாலை எண்டு ஒண்டுதான் இரிந்த" என்றார் காக்கா. "ஒரு மேச, ரெண்டு வாங்கு, ஒரு பேப்பர். ஒருத்தர் சத்தமா வாசிப்பார், மத்த ஆக்கள் கேப்பாங்க. வாசிக்கிறவருக்குக் கோபம் எண்டா அண்டைக்கு ஊருக்குச் செய்தி இல்ல. மறுகாதான் கிராமசபை வந்து, அலுமாரி வந்து, அட்டை வந்த. சூறாவளி வந்து கூரையக் கொண்டுபோச்சு. திரும்பக் கட்டினம். சண்டை வந்திச்சு. உங்கட பெட்டி இஞ்சால வாறதும் நிண்டுபோச்சு, எங்கட பெட்டி அங்கால போறதும் நிண்டுபோச்சு. ரெண்டு பக்கத்துச் சனமும் ஒண்டையொண்டு பாக்காத காலம். அதக் கதைச்சு என்ன."

எனக்கு இன்னொரு தேத்தண்ணி சொன்னார். பிறகு, "உங்கட அண்ணன் பெட்டியத் திறந்து, எண்ணி, கையெழுத்து வாங்காமப் போகமாட்டார். அவர் புத்தகத்தத் துலைச்சார் எண்டு எழுதினவன் அவரக் கண்டிரிக்கமாட்டான்" என்றார்.

தேத்தண்ணிக் காசைக் கொடுக்க விடவில்லை. பஸ் இரண்டு மணித்தியாலம் கழித்துக் கிளம்பியது.

புதன்கிழமை காலை வாவியைக் கடந்தேன். இப்போது பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம். நான் அடம்பிடித்துப் 'பாதை'யில் போனேன். படகுகளுக்கு மேலே பலகை அடித்து, மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிப்போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நடு வாவியில் காற்று முகத்தில் அடித்தபோது அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற பெண், "தலை சுத்துதா அன்ரி?" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நாற்பது வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் நான் 'தங்கச்சி'. அன்ரியாகிவிட்டேன் என்பதை இப்படி நடு வாவியில் வைத்துத்தானா சொல்ல வேண்டும்?

நூலகம் அழகாக இருந்தது. மாபிள் தரை, மின்விசிறி, கணினி, வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள். ஆனால் ஆள் இல்லை. எங்கள் பழைய நூலகம் ஒரே ஒரு மண்டபம். மழை பெய்தால் ஓட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கோந்தும் பழைய கடதாசியும் கலந்த வாசனை வாசலிலேயே வரும். திகதி முத்திரையை அண்ணன் டக் டக்கென்று குத்துவது வீதி வரை கேட்கும். 'அமைதி' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, அதை மீறுகிறவர்களை அவரே ஊருக்குக் கேட்கிற மாதிரி அதட்டுவார். சூறாவளிக்குப் பிறகு நனைந்த புத்தகங்களைச் சூடடிக்கும் களத்தில் நெல்லோடு விரித்துக் காயவைத்தபோது, பாடப்புத்தகத்தைத் தொடாத நானும் இரண்டு நாள் வெயிலில் நின்று பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டேன். ஊரே திருப்பியது.

நூலகர் தர்ஷினிக்கு என் மகளின் வயது. நான் போன வேகத்தில் வாயைத் திறந்தேன். "ஒரு மனிசன்ர பேரைக் கெடுக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு வரி போதுமா?"

அவள் முகம் வாடிப்போனது. "அன்ரி, நான் கற்பனை பண்ணி எழுதல்ல. பழைய கோவையில, அந்த ஃபைலில, அப்பிடித்தான் கிடக்கு. இருப்புப் பதிவேடு ஒண்டும் இல்ல. புத்தகம் ஒண்டும் இல்ல."

"கோவையில பொய் கிடந்தா நீங்களும் பொய் எழுதுவீங்களா?"

"அவர் குடுத்தார் எண்டா ஆருக்குக் குடுத்தார் அன்ரி? நூல்களத் திருப்பித் தாங்க எண்டு ஸ்பீக்கர் கட்டி அறிவிச்சிரிக்கிறாங்க. ஒரு புத்தகம் வரல்ல. பழைய அங்கத்தவர் அட்டை கொஞ்சம் மட்டும் கிடந்த, அதில உள்ள ஆக்கள்ர மகன்மார் வீட்டுக்கெல்லாம் நானே போய்க் கேட்டன். ஒருத்தருக்கும் தெரியா."

சொல்லிக்கொண்டே உள்ளே போய், சின்னச் சட்டியில் எருமைத் தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்தாள். திட்டியவளுக்குத் தயிர் கொடுக்கிற ஊர் இது. நான் வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டேன். லண்டன் கடையில் வாங்கும் தயிரை இனி எப்படிச் சாப்பிடப் போகிறேனோ தெரியவில்லை.

"அவர்ர கையெழுத்தோட ரெண்டு புத்தகம் காட்டுங்க அன்ரி. நானே வரியை மாத்துறன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சகத்துக்குப் போகுது" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "உண்மையச் சொன்னா, இந்த ஊரில அம்பது வயசுக்கு மேல ஒருத்தரும் லைப்ரரிக்குள்ள கால் வைக்கிறதில்ல. வாசிக்கிற பழக்கமே இல்லாத சனம்."

எங்கள் ஊரையா? புத்தகத்தைக் களத்தில் காயவைத்த ஊரையா? தயிர் வாயில் இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

அன்று பின்னேரம் அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தேன். சண்டை நெருங்கியபோது புத்தகங்கள் நூலகத்தோடு எரிந்துபோகாமல் இருக்க யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எழுதிவைத்த கொப்பியை அவர் ஊரைவிட்டு ஓடிய வழியில் தொலைத்துவிட்டார். ஆனால் காலையில் என்ன மருந்து எடுத்தோம் என்பதை மறக்கிற மனிதர் இதை மறக்கவில்லை. "எழுது. அட்டை இலக்கம் பதினொண்டு, வேலுப்போடியார். பதினாறு, சாமித்தம்பி. இருபத்திரெண்டு, இளையதம்பி..." என்று ஏழு பெயர் சொன்னார்.

வியாழக்கிழமை முழுதும் ஓட்டோவில் அலைந்தேன். ஏழு பேரும் காலமாகிவிட்டார்கள். மகன்மார் மூன்று பேரைக் கண்டுபிடித்தேன். ஒருவர் வாழைச்சேனைப் பக்கம் கடை வைத்திருக்கிறார். "அப்பா புத்தகம் எடுத்தவரா?" என்று என்னையே கேட்டார். இரண்டாமவர் வயல் வட்டையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்றபடியே கையை விரித்தார். திரும்பி வரும்போது ஓட்டோ சேற்றில் புதைந்தது. லண்டன் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு நானும் தள்ளினேன். மூன்றாமவர் சாமித்தம்பியின் மகன். நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவருக்கும் ஒன்றும் தெரியாது.

அவரின் மனைவி என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. சிவப்பரிசிச் சோறு, இறால் கறி, வல்லாரைச் சுண்டல். நான் புலம்பிக்கொண்டே சாப்பிட்டேன். அந்த மனிசி கறியை இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இவருக்கு என்னெண்டு தெரியும்? கலியாணம் முடிச்சு ரெண்டு சேட்டோட எங்கட வீட்டுக்கு வந்தவர். அவர் பிறந்த வீடு மச்சாளுக்குத்தானே குடுத்த. வீட்டில கிடந்த சாமானெல்லாம் அவவிட்டத்தான் இரிக்கும்."

இடக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறவன். நானும் அம்மாவின் வீட்டில்தான் கலியாணம் முடித்தேன். லண்டனில் புருஷன் பெயரில் வீடு வாங்கி, கடிதமெல்லாம் அவர் பெயருக்கே வந்து வந்து, என் ஊர் வழக்கத்தையே மறந்து ஆம்பிளைகள் பின்னால் அலைந்திருக்கிறேன். தர்ஷினிக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அட்டையில் இருந்தது ஆண்களின் பெயர். அரசாங்கப் பழக்கப்படி அவளும் மகன்மாரைத்தான் தேடிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பூமணி அக்கா வீட்டு வாசலில் நின்றேன். சாமித்தம்பியின் மகள், எழுபது வயதிருக்கும். என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து, கன்னத்தைத் தடவி, "லண்டன் தண்ணிக்கு நிறம் வெச்சிட்டாய்" என்றா. புத்தகம் என்று நான் சொன்னதும் கையை விட்டுவிட்டா.

"புத்தகமா? இஞ்ச ஒண்டுமில்ல."

ஆனால் அவவின் மகள் சாமியறையைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்குக் கீழே, மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனப் பொட்டு வைத்த பொதி ஒன்று இருந்தது.

"அக்கா, அது லைப்ரரிப் புத்தகமா?"

"நீ ஆர் கேக்க?"

"நான் அவர்ர தங்கச்சி!"

"தங்கச்சி எண்டா? அவர் என்ன சொல்லித் தந்தவர் தெரியுமா? 'என்ர பேரச் சொல்லி ஆரும் வருவாங்க. யூனிபோர்ம் போட்டவனும் வருவான், போடாதவனும் வருவான். நான் வந்து கேட்டா மட்டும் குடு' எண்டு சொன்னவர். ஸ்பீக்கர் கட்டிக் கேட்டாங்க, நான் குடுத்தனா? ரெண்டு முறை ஊரவிட்டு ஓடினம். நகைய விட்டுட்டு ஓடினன். இதத் தூக்கிக்கிட்டு ஓடினன்."

துணியை விரித்துக் காட்டினா. தொட விடவில்லை. உள்ளே ஒட்டியிருந்த திகதிச் சீட்டில் வரிசையாக முத்திரைகள். கடைசி வரியில் முத்திரை இல்லை. அண்ணனின் சாய்ந்த எழுத்தில், 'நான் வரும்வரை' என்று இருந்தது. கீழே கையெழுத்து.

எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் கோபமும் வந்தது. "அக்கா, நீங்க குடுக்காததாலதான் என்ர அண்ணனக் கள்ளன் மாதிரி எழுதிவெச்சிரிக்கிறாங்க. இத்தனை வருஷம்!"

பூமணி அக்கா அந்தச் சீட்டைத் திரும்பவும் பார்த்தா. "அது எனக்குத் தெரியாதே புள்ள" என்றா. ஆனாலும் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டா. "ஆனா அவர் வரல்லயே. நான் என்ன செய்ய?"

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வேலியைத் தாண்டி வட்டை வரம்புக்குப் போனால் கொஞ்சம் எடுக்கும் என்றாள் மகள். மூன்று பேரும் போய் நின்றோம். லண்டனில் விடிந்து கொஞ்ச நேரம்தான். என் மகள் அண்ணனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து வீடியோவைத் திருப்பினாள்.

பூமணி அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. "இவரா? இவர் கிழவனாக்கிடக்கு. அவர் நல்ல தடிச்ச ஆள்."

"பூமணியா?" என்றார் அண்ணன்.

"நீங்க அவரெண்டா சொல்லுங்க பாப்பம். எனக்கு என்ன புத்தகம் தந்த?"

"அட்டை இலக்கம் பதினாறு" என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "குதிரை வளர்ப்பு. கதைப்புத்தகம் தாங்க எண்டு நீ அழுதாய். எல்லாம் குடுத்து முடிஞ்சு, அதுதான் மிச்சம் இருந்தது."

பூமணி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதா, சிரித்தா, வரம்பிலேயே குந்திவிட்டா. "முப்பது வருஷமா ஒரு குதிரை இல்லாத ஊரில இதையே வாசிக்கிறன். குதிரைக்கு வயித்துவலி வந்தா படுக்க விடக்கூடாது, நடத்தோணும், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நானும் வாசிச்சனான்" என்றார் அண்ணன். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பழைய நூலகக் குரலில் சொன்னார். "நான் வந்திட்டன் பூமணி. புத்தகத்தைக் குடு."

அவ எழும்பி, புத்தகத்தை இரண்டு கையாலும் என்னிடம் தந்தா.

மத்தியானத்துக்குள் செய்தி ஊருக்குள் ஓடிவிட்டது. மூன்று மணிக்கு நான் நூலகத்துக்குப் போனபோது வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தது. எல்லாம் பெண்கள். அம்மாவின் வீட்டோடு அம்மாவின் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டவர்கள். சிலர் துணியில் சுற்றி, சிலர் பால்மாத் தகரத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று நெல் மூட்டைக்குள் இருந்து வந்திருந்தது. திறந்தபோது நெல்மணி கொட்டியது. வெறுங்கையோடும் சிலர் வந்திருந்தார்கள். கைபேசியை மேசையில் நிறுத்திவைத்தேன். ஒவ்வொருவராக வந்து அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

"அண்ணே, எங்கட ரெண்டு வெள்ளத்தில போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"எங்கட புத்தகத்தக் கறையான் திண்டிட்டு. அட்டை மட்டும் கிடக்கு, கொண்டுவந்திரிக்கன்."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். தர்ஷினி ஒவ்வொரு சீட்டிலும் 'நான் வரும்வரை'க்குக் கீழே அன்றைய திகதியைக் குத்தினாள். பதினேழு புத்தகம். கண்ணீர் விழுந்து முத்திரை மை இரண்டு இடத்தில் கலைந்தது. நடுவில் எழும்பி, அச்சகத்துக்கு அனுப்ப வைத்திருந்த தாளை எடுத்து, அந்த வரியை என் கண் முன்னே வெட்டினாள். "இவர் நூல்களை மக்களிடம் ஒப்படைத்தார், மக்கள் காத்தார்கள்" என்று எழுதினாள். "சரியா அன்ரி?" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். வந்த காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா வேணும்?" என்று தர்ஷினி கேட்டாள்.

பூமணி அக்கா முன்னால் வந்தா. "மகள், இனி நாங்க வேற புத்தகம் எடுக்கலாமா?"

"அதுக்கென்ன? எப்பயும் எடுக்கலாமே. இவ்வளவு நாளும் ஏன் வரல்ல?"

"எப்பிடி வாற?" என்று பூமணி அக்கா அவளையே திருப்பிக் கேட்டா. "கையில ஒண்டு கிடக்கக்குள்ள மத்தது எடுக்கேலாதே. எடுத்ததக் குடுத்திட்டுத்தான் அடுத்தது எண்டு இவர்தானே சட்டம் வெச்சவர்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் கைபேசியைப் பார்த்தேன். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை.

பூமணி அக்கா அலுமாரிக்குப் போய், நீண்ட நேரம் தேடி, தடித்த கதைப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தா. "குதிரை இல்லத்தானே இதில?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டா. தர்ஷினி சீட்டை ஒட்டி முத்திரை குத்தினாள். டக்.

"என்ன திகதி போட்ட?" என்றார் அண்ணன்.

"பதினாலு நாள் ஐயா."

"சரி" என்றார் அண்ணன். "பூமணி, பதினாலாம் நாள் கொண்டுவந்து குடுக்கோணும். இந்த முறை நான் பாத்துக்கொண்டிருப்பன்." பிறகு என் மகளின் பக்கம் திரும்பி, தனக்குப் பசிக்கிறது என்றார்.